பொறிவல்லார் துரைசாமி நாயுடு

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முந்திய நாள் தேர்விழா நிகழும். கூத்தப்பெருமான், சிவகாமியம்மை, பிள்ளையார், முருகன், சண்டேசுரர் ஆகியோர்க்கென ஐந்து தேர்கள் அன்று நான்கு வீதிகளையும் வலம் வரும். வடம் பிடிப்பார் பல்லாயிரவர். முட்டுக்கட்டை இடுவார் சிலர். பெரியோர் கண்கள் மேலே வீற்றிருக்கும் பெருமானை நாடி நிற்கும். ஆனால் அக்கூட்டத்தில், இத்துணைப் பேருருவம் எவ்வாறு அசைகின்றது என்று வியந்து, தேர்க்காலையும் அச்சையும் கடையாணியையுமே நோக்கி நிற்கும் சிறுவர் சிலரும் இருப்பர். அத்தகைய கண்ணோடு பிறந்த ஒருவர் கொங்கு நாட்டில் தோன்றினார். அவர்தாம் ஜி. டி. நாயுடு என்று நாடறிந்த கோபாலசாமி துரைசாமி நாயுடு ஆவார்.

தேர்விழாக் காணக் கடலூரிலிருந்து வருவோர் இன்று பேருந்தில் ஏறி, முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் முதலிய ஊர்களின் வழியே சென்று, வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரத்தை அடைகின்றனர். ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வழி அது. மாட்டு வண்டியே துணையாக இருந்த நாளில் இது ஓர் இரவு முழுதும் செல்லும் பயணமாகும். புகைவண்டி சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலேயே இவ்வழி வந்துவிட்டது. எனினும் இருப்புப்பாதைக்கு அப்பாலுள்ள சிற்றூரார்க்கு அதனால் விளைந்த பயன் சிறிதே. அவர்தம் வாயிலுக்கு வந்து நின்ற முதல் ஊர்தி பேருந்துதான்.

இன்று பேருந்தின் நெற்றியில் அது செல்லும் ஊரின் பெயர் எழுதியிருக்கின்றது. குறித்த நேரத்தில் அது புறப்படுகின்றது. கொடுத்த கட்டணத்திற்குச் சீட்டுக் கிடைக்கின்றது. இவையெல்லாம் இயல்பாக அமைந்தவை என்றே நாம் எண்ணுகின்றோம். பேருந்து ஓடத் தொடங்கிய காலத்தில் நிலைமை வேறு. வண்டி நிறைந்தால்தான் புறப்படும். நிறையாவிடின் வெயிலில் நின்றுகொண்டிருக்கும். கட்டணமோ பேசி முடித்துக்கொள்ள வேண்டியது. இந்நிலையை மாற்றித் தமிழ்நாட்டில் பேருந்துத் தொழிலுக்கு ஓர் ஒழுங்கை வகுத்துக் காட்டியவர்களுள் முன் வரிசையில் நிற்பவர் நாயுடு. ஆனால் அவர் உள்ளத்தில் இருந்தது பேருந்து மட்டுமன்று.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் நாயுடு பிறந்தார். தந்தையார் கோபாலசாமி நாயுடு ஓர் உழவர். அன்னையாரைக் குழந்தைப் பருவத்திலேயே துரைசாமி இழந்தார். திண்ணைப் பள்ளியில் அவரை அமர்த்தினர். அவரோ அமர்ந்திருக்க மறுத்தார். ஒருநாள் ஆசிரியரின் முகத்தில் மணலை வாரி எறிந்துவிட்டு ஓடினார் என்றும், அதனோடு பள்ளி வாழ்வு பெரும்பாலும் முடிவுற்றது என்றும் அவர் வரலாறு கூறுகின்றது. இது போற்றத்தக்க செயலன்று. நாயுடுவின் பிற்காலப் பெருமையைக் காட்டி இதனை நியாயமென்று கூறுதலும் பொருந்தாது. ஆயினும் பள்ளியை வெறுத்தாரேயன்றி அறிவை அவர் வெறுக்கவில்லை. கைக்குக் கிடைத்த தமிழ் நூல்களைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டார். பகலில் தந்தையாரின் நிலத்தில் உழைத்தார்.

அந்நாளில் லங்காஷயர் என்னும் ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பக்கத்து ஊர்களுக்கு வருவதுண்டு. அவ்வண்டி இங்கிலாந்து நாட்டு ரட்ஜ் நிறுவனம் 1912-ஆம் ஆண்டில் செய்தது. குதிரையும் இல்லை, காளையும் இல்லை, மிதிப்பாரும் இல்லை, ஆயினும் வண்டி ஓடுகின்றது. ஊரார் அதனைக் கண்டு வியந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றனர். துரைசாமி ஒதுங்கவில்லை. வண்டியை நெருங்கி நின்று, துரை அதனைச் செப்பம் செய்வதைக் கூர்ந்து நோக்கினார். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினார், எந்தக் குழாயைக் கழற்றினார், எதனைத் துடைத்தார் என்பதெல்லாம் அவ்விளைஞரின் நெஞ்சில் பதிந்தன. அவ்வண்டி தமக்கு வேண்டும் என்னும் அவா அன்றே அவருள்ளத்தில் வேரூன்றியது.

உழவர் மகன் கையில் பணம் ஏது? தந்தையாரைக் கேட்டால் கிடைக்கும் என்னும் நம்பிக்கையும் அவர்க்கு இல்லை. ஊரை விட்டுக் கோயம்புத்தூர் சென்றார். ஓர் உண்டிச்சாலையில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். இலை எடுத்தார், நீர் வைத்தார், வருவோரின் ஏவலைக் கேட்டார். சிற்றூரில் சொந்த நிலமுடையான் மகன் நகரத்து உண்டிச்சாலையில் ஏவல் செய்வதை அந்நாளைய உறவினர் பெருமையாகக் கருதியிரார். துரைசாமி அதனைப் பொருட்படுத்தவில்லை. மூன்று ஆண்டுகள் உழைத்துக் காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய் சேர்ந்ததும், அத்தொகையைக் கொண்டுபோய் லங்காஷயரிடம் கொடுத்து அவ்வண்டியை வாங்கிவிட்டார்.

வேறொருவராயின் அதன்மேல் ஏறி ஊர் ஊராகச் சுற்றியிருப்பார். நாயுடு செய்தது வேறு. வீட்டிற்குக் கொண்டுவந்து அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றிவிட்டார். மூன்றாண்டு உழைப்பும் தரையில் இரும்புத் துண்டுகளாகப் பரந்து கிடந்தது. கண்டவர்கள் பையனுக்குச் சித்தம் திரிந்தது என்றே நினைத்திருப்பர். அவரோ ஒவ்வோர் உறுப்பையும் கையிலெடுத்து, இது எதனோடு பொருந்துவது, இது இல்லாவிடின் என்ன குறை நேரும் என்று ஆராய்ந்தார். உருளைக்குள் எண்ணெயாவியும் காற்றும் கலந்து புகுவதும், மின்பொறி தெறித்ததும் அது வெடித்து உந்துதண்டைத் தள்ளுவதும், அத்தள்ளுதல் சுழற்சியாக மாறிச் சக்கரத்தை உருட்டுவதும் நூல் வாயிலாக அன்றிக் கை வாயிலாகவே அவர்க்கு விளங்கின. பின்னர் அனைத்தையும் முன்போலவே பூட்டினார். வண்டி ஓடியது. அவர் கற்ற பொறியியற் கல்லூரி அதுவே.

முதல் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில் பருத்திக்கு விலை ஏறியது. நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளுடன் பம்பாய் நகரம் சென்று அங்குள்ள பருத்தி வணிகரோடு போட்டியிட்டு, ஈட்டிய அனைத்தையும் இழந்து வெறுங்கையோடு திரும்பினார். பொறியின் போக்கை அறிந்தவர்க்குச் சந்தையின் போக்குப் பிடிபடவில்லை. அதனோடு அவ்வாணிகத்தை விட்டார்.

கோயம்புத்தூரில் அப்போது புகழோடு விளங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவர் இவர்தம் திறமையை அறிந்து உதவ முன்வந்தார். அவருதவியால், விலையைச் சிறிது சிறிதாக அடைக்கும் ஏற்பாட்டில், நாயுடு ஒரு பேருந்தைப் பெற்றார். 1920-ஆம் ஆண்டில் அது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே, பழுது நேர்ந்தால் வண்டிக்கடியில் படுத்துச் செப்பம் செய்பவரும் அவரே. பழனி முருகனைக் காணச் செல்லும் அடியார் கூட்டம் ஆண்டு முழுதும் குறையாத வழி அது. நேரந்தவறாத வண்டி என்னும் பெயர் எடுத்ததும் வருவாய் பெருகியது. ஒரு வண்டி பல வண்டிகளாயிற்று. சின்னாளில் யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரோடு, யு. எம். எஸ். என்று மக்கள் சுருக்கமாக வழங்கிய பெருநிறுவனம் உருவாயிற்று. இந்தியாவிலேயே மிகச் செம்மையாக நடைபெற்ற பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பெற்றது.

அச்செம்மை தானாக வந்ததன்று. பயணச்சீட்டை அச்சிட்டுத் தரும் பொறி ஒன்றை நாயுடு அமைத்தார். சீட்டுப் பொறி வந்தபின் கணக்கில் ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று. வண்டியின் பொறியில் எழும் அதிர்வைச் சோதித்து, நோய் முற்றுமுன் மருந்து கொடுப்பது போலப் பழுது முற்றுமுன் அதனைக் கண்டறியும் கருவி ஒன்றையும் ஆக்கினார். நேரம் தவறுதலை அவர் பொறுக்கமாட்டார். தொழிலாளரிடம் கண்டிப்பு மிகுதியும் உடையவர். அக்கண்டிப்பு சிலர்க்குக் கசந்ததும் உண்டு. ஆனால் தாம் செய்யத் தயங்கும் வேலையைப் பிறர்க்கு இட்டவரல்லர்.

பணம் வந்ததும் அவர் பயணம் புறப்பட்டார். ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் பலமுறை சென்றார். அரண்மனையையும் கண்காட்சியையும் கண்டு திரும்பும் செல்வர் பலர். இவர் தொழிற்சாலைகளை நாடிச் சென்றார். படப்பிடிப்புக் கருவியைக் கையிலேந்திக் கண்டதையெல்லாம் படமெடுத்தார். 1936-ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் இலண்டனில் நிகழ்ந்தபோது அதனையும் படமெடுத்தார். செருமனியில் அவர் பார்த்த சிறு பொறிகள் அவர் சிந்தையைத் தூண்டின. உலர்மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் ஒன்றைப் பொருத்தி முகம் மழிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். ரேசண்ட் என்னும் பெயருடைய அக்கருவி அயல்நாட்டிலும் விலையாயிற்று. மிக மெல்லிய மழிதகடு, படக்கருவியில் தொலைவைச் சரிசெய்யும் உறுப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பொய்வாக்குக்கு இடந்தராத வாக்குப் பதிவுக் கருவி என்று அவர் ஆக்கியவை பலவாகும்.

இவற்றுள் நாட்டிற்கு மிகுந்த பயன் தந்தது மின்மோட்டார். நீலமலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1930-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிக் கோயம்புத்தூர்ப் பக்கத்திற்கு மின்னாற்றல் வந்தது. ஆற்றல் வந்தும் அதனைப் பயன்கொள்ளும் மோட்டார் கடல்கடந்து வரவேண்டியிருந்தது. உழவன் அதனை வாங்குதல் எளிதன்று. பழுதுற்றால் உறுப்புக் கிடைப்பதோ அதனினும் அரிது. நாயுடு, பொறியியல் வல்லுநரான து. பாலசுந்தரம் நாயுடுவோடு கூடி, பீளமேட்டில் அமைத்த தொழிற்சாலையில் 1937-ஆம் ஆண்டில் மின்மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் அது என்று கூறுவர். கோயம்புத்தூர் பின்னாளில் மோட்டாருக்கும் நீரேற்றுக் குழாய்க்கும் பெயர்பெற்ற நகரமாயிற்று. கடலூரை அடுத்த பண்ருட்டிச் செம்மண் நிலத்தில் வேர்க்கடலைக்கு நீர் இறைக்கும் உழவர் பலர் தம் மோட்டாரின் மேல் கோயம்புத்தூர் என்னும் பெயரைக் காண்பர். அதற்கு அடியெடுத்துக் கொடுத்தவர்களுள் இவ்விருவரும் தலையாயவர்.

1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் உள்ள வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தரக்கூடும் என்று நாயுடு அறிவித்தார். அந்நாளில் வானொலி செல்வர் வீட்டுப் பொருள். அவர் ஆக்கிய பொருள்களையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒன்று புலனாகும். பொருளைப் புதிதாக்குவதைக் காட்டிலும் அதன் விலையைக் குறைப்பதிலேயே அவர் நாட்டம் மிகுதியாகச் சென்றது. விலை குறைந்தாலன்றி எளியவர்க்கு எட்டாது என்பது அவர் கணக்கு. உண்டிச்சாலையில் மூன்றாண்டு காசு சேர்த்த நினைவு அவரை விட்டு நீங்கவில்லை போலும். இடையில் அவர் சட்டமன்றத் தேர்தலில் நின்றதும் உண்டு, தோற்றார்.

1944-ஆம் ஆண்டில் மோட்டார்த் தொழிலின் நேர்பொறுப்பிலிருந்து அவர் விலகினார். ஆராய்ச்சி செய்யும் மாணவர்க்கும் தம்மிடம் உழைத்த தொழிலாளர்க்கும் நன்கொடைகளை ஏற்படுத்தினார். பின்னர் அவர் கைவைத்தது கல்வியில். அப்போது சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயரால் 1945-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொழிற்கல்விக் கூடமும் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. அதே ஆண்டில்தான் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல், தொழில்நுட்பக் கல்வி தொடங்கிற்று. போர் முடியும் தறுவாயில், நாடு உரிமை பெறும் நாள் நெருங்கிய வேளையில், பொறி கற்ற இளைஞர் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்னும் எண்ணம் மேற்கிலும் கிழக்கிலும் ஒருங்கே எழுந்தது போலும். சிதம்பரத்தில் அதனைப் பல்கலைக்கழகம் நடத்தியது. கோயம்புத்தூரிலோ திண்ணைப் பள்ளியைக்கூட முடியாத ஒருவர் கல்லூரி முதல்வராக அமர்ந்தார்.

அவர் முதல்வராயிருந்த நாள் நீளவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகின்றது, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கொள்கை. ஆங்கில அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். இவ்வழக்கில் உண்மை முழுதும் ஒரு பக்கமே இருந்தது என்று கூறுவதற்கில்லை. ஒரு பொறியைக் கழற்றிப் பூட்ட இரண்டாண்டு மிகை. இல்லாத பொறியைக் கணக்கிட்டு வரையறுக்க நான்காண்டும் போதாமற் போகலாம். தமக்கு இயல்பாக அமைந்த கூர்மை எல்லா மாணவர்க்கும் அமைந்திருக்கும் என்று நாயுடு எண்ணிவிட்டார். ஆசிரியத் தொழிலில் புகும் மேதைகள் பலர்க்கும் நேரும் பிழை அது. அக்கல்லூரியே பின்னர் இடமும் பெயரும் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இன்றும் விளங்குகின்றது. அது முதலில் இருந்த இடத்திற்கு அவிநாசிச் சாலையில் ஹோப் கல்லூரி என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இனி, அவர் உள்ளத்தில் நெடுங்காலம் இருந்த காரைப் பற்றிக் கூறவேண்டும். அதனைச் சரியாக மதிப்பதற்கு அதே காலத்தில் கடலுக்கப்பால் கார் ஆக்கிய மற்றொருவரின் வாழ்வை ஒரு சிறிது நோக்குதல் நன்று.

இத்தாலி நாட்டில் மோதேனா என்னும் நகரத்தில், நாயுடு பிறந்த ஐந்து ஆண்டுகட்குப் பின், 1898-இல் என்சோ பெராரி பிறந்தார். தந்தையார் இரும்புப் பட்டறை நடத்தியவர். 1916-ஆம் ஆண்டில் தந்தையையும் தமையனையும் அடுத்தடுத்து இழந்தார். பட்டறை அழிந்தது. உயர்கல்வியும் இல்லை. போரில் சேர்ந்தபோது கோவேறு கழுதைகட்கு இலாடம் அடிக்கும் வேலையே அவர்க்குக் கிடைத்தது. போர் முடிந்ததும் துரின் நகரம் சென்று, பியட் என்னும் பெரிய கார் நிறுவனத்தில் வேலை கேட்டார். மறுத்துவிட்டனர். பனிக்காலத்து மாலையில் அந்நகரப் பூங்காவின் பலகை ஒன்றில் அமர்ந்து அழுததாக அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

பின்னர்ப் பெராரி பந்தய ஓட்டுநரானார். 1929-இல் தம் பெயரால் ஒரு பந்தயக் குழுவை நிறுவி, ஆல்பா ரோமியோ நிறுவனத்தின் கார்களைப் பந்தயத்தில் ஓட்டச் செய்தார். 1939-இல் அந்நிறுவனத்தைப் பிரிந்தபோது, நான்கு ஆண்டு தம் பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்தலாகாது என்னும் கட்டுப்பாட்டிற்கு உடன்பட்டே பிரிந்தார். மரனெல்லோ என்னும் சிற்றூரில் அவர் அமைத்த தொழிற்சாலை இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதனைச் செப்பனிட்டு, 1947-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள், தம் பெயர் தாங்கிய முதற்காரை அதன் வாயிலினின்றும் தாமே ஓட்டி வெளிக்கொணர்ந்தார். ஒன்றரை லிட்டர் கொள்ளளவே உடைய அச்சிறு பொறியில் பன்னிரண்டு உருளைகள் இருந்தன. மே மாதம் நிகழ்ந்த முதற்பந்தயத்தில் முன்னணியில் சென்றுகொண்டிருந்த அக்கார் எண்ணெய் ஏற்றும் உறுப்புப் பழுதுற்று நின்றது. இரண்டு வாரத்திற்குள் உரோமாபுரியில் வென்றது. அவ்வாண்டிலேயே துரின் நகரப் பந்தயத்திலும் பெராரி கார் வெற்றி பெற்றது. அன்று அவர் பழைய பூங்காவிற்குச் சென்று அதே பலகையில் அமர்ந்தார். அன்றும் அழுதார்.

பெராரி காரை வாங்கியவர் மன்னரும் பெருஞ்செல்வரும் திரைப்பட நடிகருமே. அவர்கட்கு விற்ற பணத்தைக் கொண்டு பந்தயக் கார்களைச் செய்தார் அவர். வேகம் ஒன்றே அவர் கண்ட கனவு. விலை அவர்க்கு ஒரு பொருட்டன்று. நாயுடுவின் கனவு இதற்கு நேர்மாறானது. மோட்டார் சைக்கிளை வாங்க உண்டிச்சாலையில் மூன்றாண்டு உழைத்தவர் அவர். கார் என்பது செல்வர் வீட்டு முற்றத்தில் நிற்கும் தேராகவே என்றும் இருக்கவேண்டுமா என்னும் வினா அவரை வாட்டியது. சிற்றூர் மருத்துவரும், பள்ளி ஆசிரியரும், சிறு நிலமுடைய உழவரும் வாங்கக்கூடிய கார் ஒன்று வேண்டும் என்று அவர் கருதினார். இருவர் அமரக்கூடியதும் பெட்ரோலால் ஓடுவதுமான சிறிய கார் ஒன்றை ஆக்கி, 1952-ஆம் ஆண்டில் அறிவித்தார். அதன் விலை 2,000 ரூபாய். அந்நாளில் விற்ற மற்றைக் கார்களின் விலை இதனைப் போலப் பல மடங்காகும்.

அக்காரைப் பெருந்தொகையாகச் செய்தற்கு அரசின் உரிமம் வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டது.

நாடு உரிமை பெற்று ஐந்து ஆண்டே ஆகியிருந்த காலம் அது. தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டு, 1952-இல் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தொழிலை யார் எவ்வளவு நடத்தலாம் என்பதை அரசே வரையறுத்தது. கார்த் தொழிலில் வங்காளத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகிய நிறுவனங்கள் முன்னரே இறங்கியிருந்தன. நாட்டில் இரும்பு குறைவு. அயல்நாட்டுச் செலாவணி குறைவு. கார் வாங்குவோரும் குறைவு. இருக்கும் சில ஆலைகளேனும் நிலைபெறட்டும் என்று ஆட்சியாளர் கருதினர். அதனை முற்றிலும் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவ்வாலைகள் செய்த கார்கள் அயல்நாட்டார் வரைந்த கார்களே. பெராரிக்கு வேலை மறுத்த பியட் நிறுவனத்தின் இத்தாலியக் கார் 1950-களில் பம்பாயில் உருவாகி நம் நாட்டுச் சாலைகளில் எங்கும் ஓடிற்று. கலங்கலில் பிறந்தவரின் கார் பட்டறை வாயிலைத் தாண்டவில்லை. சிறிய கார் வேண்டுமா வேண்டாவா என்பதை வாங்குவோர் முடிவு செய்ய விட்டிருக்கலாம், அது நிகழவில்லை. அக்கார் பல்லாயிரமாக ஓடியிருந்தால் உறுதியாக இருந்திருக்குமா, அவ்விலையிலேயே நின்றிருக்குமா என்பதும் அதனால் யார்க்கும் தெரியாமலே போயிற்று.

நாயுடு மனம் வருந்தினார். ஆனால் கை ஓய்ந்தவரல்லர். நிலத்திற்குச் சென்றார். பருத்தியும் பப்பாளியும் கிச்சிலியும் வளர்த்து, செடிக்கு ஊசியேற்றும் புதுமையான சோதனைகளைச் செய்தார். ஆளுயரத்தை விஞ்சி வளர்ந்த அவர் தோட்டத்துப் பருத்திச் செடிகளைக் காண அறிஞர் பலர் வந்தனர். காலையில் தொடங்கி மாலைக்குள் சிறிய வீடொன்றைக் கட்டி முடித்துக் காட்டினார். அவிநாசிச் சாலையில் தொழிற்கண்காட்சி ஒன்றை நிலையாக அமைத்து, பொறிகளின் உள்ளமைப்பை மாணவர் கண்ணாற் காணுமாறு வைத்தார். ஒரு பொறியைப் பற்றிப் பத்து நாள் கேட்பதைவிட ஒருமுறை கழற்றிப் பார்ப்பது மேல் என்னும் தம் பழைய கொள்கையை அவர் அங்கே நிலைநாட்டினார். பெராரியும் தம் முதுமையில் தம் நிறுவனத்தின் பாதிப் பங்கைப் பியட் நிறுவனத்திற்கே 1969-இல் விற்க நேர்ந்தது. ஆயினும் அவர் பெயர் காரில் நிலைத்தது. அவர் 1988-இல் மறைந்தார்.

நாயுடு 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள், தமது எண்பதாம் வயதில் காலமானார். இந்தியாவில் நடுத்தரக் குடும்பத்தார்க்கென அமைந்த மாருதி என்னும் சிறிய கார் 1983-ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்தது. நாயுடு தம் காரை அறிவித்து அப்போது முப்பத்தோராண்டு ஆகியிருந்தது. அக்காரின் பொறியோ சப்பான் நாட்டார் அமைத்தது. அதனை வாங்கப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார் எண்ணற்றோர்.

இன்று கோயம்புத்தூரில் அவிநாசிச் சாலையில் நாயுடுவின் பெயரால் அமைந்த அறநிலையம் கார்க் காட்சிக்கூடம் ஒன்றை நடத்துகின்றது. பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அதே சாலையின் மேல் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளமுள்ள மேம்பாலம் ஒன்று 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்று அரசு பெயரிட்டது. பாலத்தின்மேல் கார்கள் விரைகின்றன. கீழே, ஹோப் கல்லூரி நிறுத்தத்தில், நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதிய பேருந்துகள் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் புறப்படுகின்றன.